மச்சை தழும்பேறியவர்களுக்கு உங்கள் குருதி வேண்டும்: புலம்பெயர் வன்னிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இயங்கும் வன்னி ஊர்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கக் கிளைகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

ஊருக்கு இந்த முறை என்ன செய்யலாம் என்று ஆண்டுதோறும் எங்கள் பாடசாலைகளிடமும் கோயில்களிடமும் சனசமூக நிலையங்களிடமும் கேட்கிறீர்கள். மதில், மேடை, நுழைவாயில் வளைவு, ஸ்மார்ட் போட் என்று எங்கள் பக்கத்திலிருந்து பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியல்களை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அவற்றைக் குறைசொல்லப் போவதில்லை; வளைவுகள் மட்டும் போதிய அளவுக்கு வந்துவிட்டன என்றே நினைக்கிறேன். இம்முறை நான் கேட்பது எந்தப் பட்டியலிலும் இதுவரை இடம்பெறாத ஒன்று. லிம்போமா என்னும் நிணநீர்க் கணுப் புற்றுநோய் வந்தவர்களில் சிலருக்கு, எலும்புக்குள் இருந்து குருதிக் கலங்களை ஆக்கும் மச்சை நார் படிந்து தழும்பேறிப் போகிறது. குருதிக் கலங்கள் எல்லாவற்றுக்கும் தாய்க்கலங்களாக மச்சையில் இருப்பவை மூலக்கலங்கள்; அவர்களுக்கு அவர்களுடைய சொந்த மூலக்கலங்களைக் கொண்டு மாற்றுச்சிகிச்சை செய்வது பெரும்பாலும் முடியாத காரியமாகிவிடுகிறது; இன்னொருவருடைய மூலக்கலங்கள் வேண்டும். வன்னியிலிருந்து அப்படி ஒரு நோயாளி வருகையில், அந்த இன்னொருவர் உங்கள் அங்கத்தவர் பட்டியலில் இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன், வைத்தியன் அல்லன். என்னிடம் படித்த ஒருவர், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், இந்நோயில் விழுந்தபோது அவருக்குத் துணையாகக் கிளினிக்குகளுக்கும் விடுதிகளுக்கும் போய்வந்தேன். அவருடைய தமையன் 2009இன் தொடக்க மாதங்களில் இறந்துபோனார். தம்பி கனடாவில். ஊரில் எஞ்சியவர் ஒரு தங்கை மட்டுமே, அவருக்கும் கைக்குழந்தை. ஆதலால் பழைய வாத்தியார் கூடப் போனார். அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே அவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

லிம்போமா வந்த எல்லோருக்கும் மாற்றுச்சிகிச்சை தேவைப்படுவதில்லை. பெரும்பாலானோர் முதல் வரிசை மருந்துகளோடு தேறிவிடுகிறார்கள். அந்த மருந்துகள் இன்று வடக்கிலேயே கிடைக்கின்றன. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் திரண்ட பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். இடம் அறிந்து கட்டினால் கட்டடமும் உயிர்காக்கும். ஆனால் நோய் திரும்பி வரும்போது கதை மாறுகிறது. திரும்பி வந்த, வேகமாக வளரும் லிம்போமாவை முதலில் மருந்தால் ஒடுக்கி, பின்னர் நோயாளியின் சொந்த மூலக்கலங்களை எடுத்துக் குளிரில் உறையவைத்து, பல மடங்கு வீரியமான மருந்தை ஏற்றி, அதன்பிறகு அந்தக் கலங்களைத் திரும்பக் கொடுக்கும் முறையை 1995இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு நிலைநாட்டியது. அவ்வாறு செய்துகொண்டவர்களில் 53 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தார்கள். வழமையான மருந்தை மட்டும் பெற்றவர்களில் அது 32 சதவீதம். மேலைநாடுகளில் இன்று கார்-டி என்னும் கலச் சிகிச்சை இந்த இடத்தைப் பிடித்து வருகிறது என்று உங்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். எங்களுக்கு அது எட்டாக்கனி.

சொந்தக் கலங்களை எடுப்பதற்கு மச்சை வளமாக இருக்கவேண்டும். எங்கள் விவசாயிக்கு அங்கேதான் தடை விழுந்தது. அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்விளிம்பில் விறைப்பூசி போட்டு, தடித்த ஊசியொன்றைத் திருகித் திருகி இறக்கினார் வைத்தியர். என்னை அவருடைய தலைமாட்டில் நிற்க விட்டிருந்தார்கள். சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தபோது உள்ளே ஒன்றும் வரவில்லை. அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு மட்டும் ஒட்டியது. ஊசியின் திசையை மாற்றி மறுபடி இழுத்தார். அப்போதும் வெறுமை. பிறகு எலும்போடு சேர்த்து ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதைப் போத்தலில் இடுவதற்கு முன்னர் கண்ணாடித் தகட்டின் மேல் மெதுவாக உருட்டினார். இழுத்து எடுக்க முடியாத கலங்கள் அந்த உருட்டலில் கொஞ்சமாவது தகட்டில் ஒட்டும் என்பதற்காக அப்படிச் செய்வதாக எனக்குச் சொன்னார். மச்சை இழுபடாமல் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் முக்கியமானது தழும்பு.

அந்தத் துண்டை வெள்ளிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது மச்சைக்குள் ஓடும் நார்கள் கறுத்துத் தெரியும். அவற்றின் அடர்த்தியை 0 முதல் 3 வரை தரம்பிரிக்கிறார்கள். லிம்போமாக் கலங்கள் மச்சைக்குள் குடியேறினால், அவை சுரக்கும் பொருள்களும் அவற்றால் தூண்டப்பட்ட மச்சைக் கலங்கள் சுரக்கும் பொருள்களும் நார் நெய்யும் கலங்களை விடாமல் உசுப்பிக்கொண்டே இருக்கின்றன. நாளடைவில் அது கோரை பிடித்த வயலாகிறது: மண் அங்கேதான் இருக்கிறது, ஆனால் நாற்று வேர்விட இடம் இல்லை. செங்குழியம் குறைகிறது, குருதிச் சிறுதட்டுக் குறைகிறது, மச்சை செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியை மண்ணீரல் ஏற்க முயன்று வீங்குகிறது. சில வேளைகளில் இத்தழும்பு லிம்போமாவால் வந்ததாக இல்லாமல், மச்சையிலேயே தொடங்கும் வேறொரு நோயாகவும் இருக்கலாம்; அதைப் பிரித்தறிய மரபணுப் பரிசோதனைகள் வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு, வழி வேறு என்பதால் இந்தப் பரிசோதனையை வீண்செலவு என்று யாரும் தள்ளிவிடக்கூடாது.

தழும்பேறிய மச்சையிலிருந்து மூலக்கலங்களைத் திரட்டுவது எவ்வளவு கடினம் என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். சொந்தக் கலங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு நோயாளியின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 20 இலட்சம் மூலக்கலங்கள் தேவை. பில்கிராஸ்டிம் ஊசியை நாலைந்து நாள் போட்டு, அவற்றை மச்சையிலிருந்து குருதிக்குள் இறக்கி, இயந்திரத்தால் பிரித்தெடுக்கிறார்கள். போதாவிட்டால் பிளெரிக்சபோர் என்னும் விலைகூடிய மருந்தும் உண்டு. மச்சையில் நார் பின்னிக் கிடக்கும்போது, அதுவும் பல சுற்று மருந்து ஏறிய உடம்பில், இத்தனையும் செய்தும் அந்த எண்ணை எட்டாமல் போவது வழமை. அப்படியே எட்டினாலும் எடுத்த கலங்களோடு லிம்போமாக் கலங்களும் கலந்து திரும்பி உள்ளே போகலாம் என்ற அச்சம் இருக்கிறது. எங்களுக்கு வைத்திய நிபுணர் அன்று சொன்னது இவ்வளவுதான்: இவருடையது சரிவராது, சகோதரங்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்த இடத்தில் நம் சனங்களிடம் உள்ள ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இரத்த வகை ஒன்றாக இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நோயாளியும் பி, மைத்துனரும் பி, அப்படியென்றால் அவர் கொடுக்கலாம்தானே என்று என்னிடம் கேட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். மூலக்கல மாற்றில் பார்க்கப்படுவது எச்.எல்.ஏ. எனப்படும் கலப்பரப்பு அடையாளங்கள். ஆறாம் நிறமூர்த்தத்தில் கொத்தாக இருக்கும் இவற்றைத் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் பெறுகிறோம். ஆகவே ஒரே தாய்தந்தைக்குப் பிறந்த இருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு சகோதரம் இருந்தால் 25 சதவீதம், இரண்டு இருந்தால் யாராவது ஒருவர் பொருந்த 44 சதவீதம், மூன்றுக்கு 58, ஐந்துக்கு 76. இரத்த வகை வேறாக இருந்தாலும் மாற்றுச் செய்யலாம். செய்தபிறகு நோயாளியின் இரத்த வகை கொடுத்தவருடையதாக மாறிவிடும்.

இந்தக் கணக்கை வன்னியின் குடும்பங்களின் மேல் வைத்துப் பாருங்கள். ஐந்தும் ஆறும் பிள்ளைகள் பிறந்த வீடுகள்தாம் இவை. ஆனால் ஒருவர் போரில் போனார், ஒருவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை, இருவர் கடல் கடந்தார்கள், ஊரில் நிற்பவர் ஒருவர். ஐந்து சகோதரங்கள் தரவேண்டிய 76 சதவீதம் எங்கள் வைத்தியசாலை வாசலில் 25 சதவீதமாகச் சுருங்கி நிற்கிறது. சுருங்கிய பங்கில் ஒரு பகுதி திரும்பி வராது. மறுபகுதி உங்களோடு வசிக்கிறது. நீங்கள் தரக்கூடியதை வேறு எந்தத் தொண்டு நிறுவனமும் விலைக்கு வாங்கித் தரமுடியாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

சகோதரம் பொருந்தாவிட்டால் வழி அடைபட்டுவிட்டது என்றும் இல்லை. சொந்தத்துக்குள் மணம்முடிக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே தொகுதி இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்வதால், மச்சான் மச்சாள்களுக்குள்ளும் சில வேளை பெற்றாருக்கும் பிள்ளைக்கும் இடையிலுங்கூட முழுப் பொருத்தம் கிடைப்பதுண்டு. ஆகவே விரிந்த குடும்பத்தையும் பரிசோதிக்கக் கேட்பது வீண்முயற்சி அன்று. பாதிப் பொருத்தம் உள்ளவரிடமிருந்து, அதாவது பெற்றார் அல்லது பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொடுத்து, மூன்றாம் நான்காம் நாள்களில் சைக்கிளோபொஸ்பமைட் என்னும் மருந்தைச் செலுத்தி, கொடுத்த கலங்கள் நோயாளியின் உடம்பைத் தாக்கும் எதிர்விளைவை அடக்கும் முறையும் இன்று பரவலாகிவிட்டது. தழும்பேறிய மச்சையில் இது இன்னும் கவனமாகச் செய்யவேண்டிய ஒன்று. ஏனென்றால் எவருடைய கலத்தைக் கொடுத்தாலும் தழும்புக்குள் அது வேர்பிடிக்கப் பிந்துகிறது, சிலருக்குப் பிடிக்காமலே போகிறது. வீங்கிய மண்ணீரல் கொடுத்த கலங்களைத் தன்னிடம் தடுத்துவைத்துக்கொள்கிறது. எனவே முழுப் பொருத்தம் கிடைக்குமானால் முதலில் அதையே தேடுகிறார்கள்.

எங்கள் விவசாயியின் தங்கைக்குப் பொருந்தவில்லை. ஸ்காபுறோவில் இருந்த தம்பியோடு நான் பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். அண்ணனின் மருந்துச் செலவில் பெரும்பங்கு அவருடைய சம்பளத்திலிருந்துதான் வந்தது. பணம் அனுப்பச் சொன்னால் அன்றே அனுப்புவார், பரிசோதனைக்குப் போகச் சொன்னால் பேச்சை மாற்றுவார். கடைசியில் ஓர் இரவு கேட்டார்: "சேர், இது நாரிக்குள்ள ஊசி போட்டு உறிஞ்சுறதோ? பிறகு பாரம் தூக்கேலுமோ? எனக்கு வெயார்ஹவுஸில வேலை, உங்களுக்குத் தெரியும்." அவருடைய மாமியார், இதைக் கொடுத்தால் ஆண்மை குன்றும் என்று எங்கேயோ கேட்டுவந்து சொல்லியிருந்தார். எங்களூரிலும் ஒரு பெண்பிள்ளையின் தாய், கலியாணம் பேசும் நேரத்தில் இப்படி ஒரு காரியம் செய்தால் சம்பந்தம் குழம்பும் என்று அஞ்சி மகளைத் தடுத்ததை அறிவேன். இந்த அச்சங்களைக் கண்டு நான் சிரிக்கமாட்டேன். உடம்பை விற்றுப் பிழைக்கும் கூலிக்காரனுக்கு நாரி முதல். ஆனால் அச்சத்துக்கு யாரும் விடை சொல்லாமல் விடுவதுதான் ஆளைக் கொல்கிறது.

விடை இதுதான். முள்ளந்தண்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்று பத்தில் ஒன்பது பேரிடமிருந்து மூலக்கலங்கள் கைநரம்பின் வழியாகவே எடுக்கப்படுகின்றன. அதற்கு முன் நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போடுகிறார்கள். அந்த நாள்களில் இடுப்பும் விலாவும் காய்ச்சல் வந்ததுபோல் உளையும், பனடோலுக்குக் கேட்கும். எடுக்கும் நாளில் ஒரு கையிலிருந்து குருதி இயந்திரத்துக்குப் போய், வேண்டிய கலங்களைக் கொடுத்துவிட்டு, மறுகையால் திரும்பி வருகிறது. நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். குருதி உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கல்சியத்தைக் கொஞ்சம் இழுப்பதால் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருக்கும்; தாதியரிடம் சொன்னால் அதற்கு மருந்து தருவார்கள். எடுத்த கலங்களைச் சில கிழமைகளுக்குள் உடம்பு மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. பிள்ளைபெறும் ஆற்றலையோ ஆண்மையையோ இது தொடுவதில்லை. பத்தில் ஒருவருக்கு மட்டும், மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்து மச்சையை நேரே எடுக்கிறார்கள். அதுவும் இடுப்பெலும்புதான், முள்ளந்தண்டு அன்று. தம்பி கடைசியில் போனார், பொருந்தியது, கொடுத்தார், திரும்பிப்போய்ப் பெட்டி தூக்குகிறார். அவர் ஐயத்தோடு கழித்த மாதங்களில் நோய் ஒரு தரம் தலைதூக்கி, அதை ஒடுக்க மேலும் மருந்து ஏற்ற வேண்டி வந்தது. உங்கள் சங்கத்தில் விடை தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அந்த மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

இனி உறவில்லாதவர்களிடம் வருகிறேன். உலகப் பதிவேடுகளில் இன்று 4 கோடிக்கு மேற்பட்ட மூலக்கலக் கொடையாளிகள் பதிந்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர் ஒருவருக்கு முழுப் பொருத்தமான கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். தெற்காசியருக்கு 33 சதவீதம். எச்.எல்.ஏ. வகைகள் இனக்குழுவோடு ஒட்டி ஓடுவதால், எங்களவருக்குப் பொருந்தக்கூடியவர்கள் எங்களவருக்குள்ளேதான் அதிகம். பிரித்தானியாவில் 1974இல் தொடங்கிய அந்தனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வயதுவரை உள்ளோரைச் சேர்க்கிறது. கனடாவின் குருதிச் சேவை 17 முதல் 35 வரை. தமிழ்நாட்டில் 2009 முதல் சென்னையில் தாத்ரி என்னும் பதிவேடு இயங்குகிறது. அதாவது வேண்டப்படுகிறவர்கள், கூட்டங்களில் முன்வரிசையில் அமரும் நீங்களல்லர், பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளைகள். பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொங்கல் விழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் ஒரு மேசை போடுங்கள். வன்னியில் எந்தக் கழகமாவது இரத்ததான முகாம் நடத்தினால் இளைஞர் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் குணம் இருக்கும்.

ஒரு நிபந்தனையைக் கடுமையாகவே சொல்கிறேன். கொடுக்க மனமில்லாதவரைக் கூட்டத்தின் வற்புறுத்தலால் பதியவைக்காதீர்கள். மாற்றுக்கு முன்னர் நோயாளியின் மச்சையை மருந்தால் ஒடுக்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டம் தாண்டியபிறகு கொடையாளி பின்வாங்கினால் நோயாளி பிழைப்பது அரிது. அரைமனதோடு பதிந்த நூறு பேரைவிட, அழைப்பு வந்தால் முதலாளியிடம் விடுமுறை கேட்கத் துணிந்த பத்துப் பேர் மேல். அதேபோல, நோயாளியின் படத்தை முகநூலில் போட்டு, இவருக்காகப் பதியுங்கள் என்று ஓலமிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்காக நடத்தும் முகாமில் அவருக்கே ஆள் கிடைப்பது அபூர்வம். அங்கே பதிந்தவர் பல ஆண்டுகளின் பின் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பொருந்துவார். பதிவேட்டின் இயல்பு அது. அதைத் தெரிந்து பதிபவரே அழைப்பு வரும்போது நிற்பார்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்பீர்கள். இயந்திரம் வாங்கி அனுப்பவேண்டாம். மூலக்கல மாற்று அலகு என்பது ஆண்டுக்கணக்காகப் பயின்ற தாதியரும் வடிகட்டிய காற்றும் இரவுபகல் இயங்கும் குருதி வங்கியும் சேர்ந்த ஒன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் 1986இல் தொடங்கியவர்கள் இன்றைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. வன்னியில் அதைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கொழும்புப் பக்கத்திலோ தென்னிந்தியாவிலோ சிகிச்சை நடக்கட்டும். எங்கள் ஆள்கள் இடறி விழுவது அதற்கு முன்னும் பின்னும். பரிசோதனைக்காகத் தங்கையும் மச்சாளும் கைக்குழந்தையோடு 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டியிருக்கிறது. மாற்றுச் செய்தபின் ஏறத்தாழ 100 நாள் வைத்தியசாலைக்கு அருகிலேயே தங்கவேண்டும், கூட ஒருவர் நிற்கவேண்டும். அந்த ஒருவருக்குக் கூலி நின்றுபோகிறது, வயலில் ஒரு போகம் விட்டுப்போகிறது. பூஞ்சணம் பிடித்த மலிவான அறையில் நோயாளியை வைக்கமுடியாது. கடைச்சாப்பாடு கொடுக்கமுடியாது. எங்கள் விவசாயியின் மனைவி ஒற்றை அடுப்பில் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் சமைத்து, அவர் சாப்பிடும் கோப்பையில் கொதிநீர் ஊற்றி, ஆறியபின் சோறு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். வளைவு ஒன்றுக்குத் திரட்டும் பணத்தில் வைத்தியசாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் காற்றோட்டமான இரண்டு அறைகளை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம். வாசலில் உங்கள் சங்கத்தின் பெயரைப் போடுவதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஊர் திரும்பியபின் வருவது காய்ச்சல். 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பில் ஏறவேண்டும் என்பது விதி. மல்லாவிக்கு அப்பாலோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருக்கும் ஒரு வீட்டிலிருந்து நடுச்சாமத்தில் மாவட்ட வைத்தியசாலைக்குப் போவதற்கு முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரோடு மாதப்பேச்சில் ஒழுங்கு செய்து வைப்பது பெரிய செலவன்று. இவர்களுக்கு ஏற்றும் குருதி கதிர்வீச்சுச் செய்யப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதையும், இன்ன மாற்றுச் செய்யப்பட்டவர் என்பதையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட அட்டையாக நோயாளியின் கையில் கொடுத்துவிட்டால், இரவில் கடமையில் நிற்கும் புதிய வைத்தியருக்கு அது வழிகாட்டும். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பயன் பெரும்பாலும் அழிந்துபோவதால் அவற்றை மீண்டும் போடவேண்டும். சிலவற்றை வெளியே விலைக்கு வாங்க நேரும். எங்கள் வயல்களின் சேற்றிலும் நீரிலும் எலிக்காய்ச்சலும், மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயும் இருக்கின்றன. ஆகவே விவசாயி ஒருவர் நீண்டகாலத்துக்கு வயலில் இறங்கமுடியாது. அவருக்கு வேறு பிழைப்புக்கு வழிகாட்டுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் உண்டு என்று சொன்னால் பொய். மாற்றுச்சிகிச்சையிலேயே இறப்பவர்கள் இருக்கிறார்கள், நோய் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மச்சைத் தழும்பு ஏறினால் இறங்காது என்று நான் நினைத்திருந்ததற்கு மாறாக, புதிய கலங்கள் வேர்பிடித்து நோய் ஒடுங்கினால் நார்கள் மாதக்கணக்கில் கரைந்துபோகின்றன. எங்கள் விவசாயிக்கு மாற்றின்பின் மீண்டும் துண்டு எடுத்துப் பார்த்தபோது 3 என்றிருந்த தரம் 1 ஆக இறங்கியிருந்தது, சிரிஞ்சிலும் மச்சை வந்தது. தம்பியின் கலங்கள் அவருடைய உடம்போடு இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. வாய் காய்கிறது, உறைப்புத் தின்னமுடியாது, கண்ணுக்குச் சொட்டுமருந்து விடுகிறார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். தன் இரத்தம் இப்போது கனடாவின் ஓ வகை என்றும், விசா மட்டும்தான் பாக்கி என்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

உங்கள் அடுத்த நிருவாகக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் மூன்று காரியங்களைச் சேர்க்குமாறு கேட்கிறேன். இவ்வாண்டு விழாவில், உங்கள் நாட்டுப் பதிவேட்டாரை அழைத்துப் பதிவு மேசை போடுவது முதலாவது. ஊரில் ஒருவருக்குச் சகோதரப் பரிசோதனை தேவை என்று தகவல் வந்தால், அங்குள்ள உறவினரோடு பேசி, அச்சம் தீர்த்து, பரிசோதனைச்சாலைக்குக் கூட்டிப்போவதற்கு வைத்தியத் துறையில் உள்ள அங்கத்தவர் ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பது அடுத்தது. துணைநிற்போரின் தங்குமிடத்துக்கும் காய்ச்சல் இரவின் வண்டிக்குமென ஒரு தனிக்கணக்குத் திறந்து, அதன் வரவுசெலவை ஆண்டுதோறும் ஊரிலும் வெளியிடுவது மூன்றாவது. கூட்டத் திகதியை எனக்கு அறிவித்தால், கிளிநொச்சியில் அப்போது எத்தனை மணியாக இருந்தாலும், காணொளி வழியாக வந்து கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தமட்டில் விடை சொல்கிறேன். கொடுத்த தம்பியும் தன் வேலைநேரம் இடம்கொடுத்தால் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நாரியைப் பற்றிய கேள்விகளை அவரிடமே கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.